மரப்பு ஊசி போட்டபின் நோயாளி தடுமாறினால்: சிறு பல் கிளினிக்குக்கான முழுமையான வழிகாட்டி

பல் கிளினிக்கில் வரும் அவசரநிலைகளில் பாதிக்குமேல் மரப்பு ஊசியை ஒட்டியே வருகின்றன. ஊசியைக் கையில் எடுக்கும்போது வரலாம், போடும்போது வரலாம், போட்ட சில நிமிடங்களில் வரலாம். அவற்றில் பெரும்பாலானவை வெறும் மயக்கம், படுக்கவைத்தால் சரியாகிவிடும். சிக்கல் என்னவென்றால், வெறும் மயக்கமும் மருந்து நச்சும் ஒவ்வாமை அதிர்ச்சியும் முதல் அரை நிமிடத்தில் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் தெரியும். முகம் மாறும், வியர்க்கும், "டாக்டர், ஒரு மாதிரியா இருக்கு" என்பார் நோயாளி.

மூன்றையும் பிரித்தறிய உங்களுக்குக் கைகொடுப்பவை கடிகாரமும் நாடியும்தான். ஊசி போட்டு எவ்வளவு நேரமாயிற்று, நாடி மெதுவாக ஓடுகிறதா வேகமாக ஓடுகிறதா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரிந்தால் பத்தில் ஒன்பது முறை வழி தெளிந்துவிடும். ஒரே நாற்காலி, ஒரே உதவியாளர், முதல் மாடி, லிஃப்ட் கிடையாது என்று நடக்கும் சாதாரண கிளினிக்கை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

ஊசிக்கு முன் கேட்கவேண்டியவை

"சர்க்கரை, பிரஷர் இருக்கா?" என்று மட்டும் கேட்டால் போதாது. "தினமும் என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க, அட்டையைக் காட்டுங்க" என்று கேளுங்கள். ப்ரோப்ரனலால் சாப்பிடுபவரில் பலர் அதை இதய மாத்திரையாகவே நினைப்பதில்லை. ஒற்றைத் தலைவலிக்கு எழுதியிருப்பார்கள், கை நடுக்கத்துக்கோ தைராய்டு படபடப்புக்கோ எழுதியிருப்பார்கள். "இதய நோய் உண்டா?" என்றால் "இல்லை" என்றுதான் பதில் வரும், அது பொய்யும் இல்லை. ஆனால் ப்ரோப்ரனலால் உடம்பில் இருக்கும்போது, மரப்பு நீடிக்க ஊசி மருந்தில் சேர்க்கும் அட்ரினலின் ஏறினால், ரத்தக் குழாயை விரிக்கும் வழி அடைபட்டு, சுருக்கும் வழி மட்டும் வேலை செய்யும். ரத்த அழுத்தம் சட்டென ஏறும், நாடி குறையும். அட்டனலால், மெட்டோப்ரோலால் போன்ற அதே குடும்பத்து மாத்திரைகளில் இந்த ஆபத்து குறைவு. நரம்பு வலிக்கும் தலைவலிக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலினும் அட்ரினலினின் வேகத்தைக் கூட்டும். ப்ரோப்ரனலால், அமிட்ரிப்டிலின் இரண்டில் எதை அட்டையில் கண்டாலும் அட்ரினலினைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கேள்வி: சாப்பிட்டீர்களா? பல் பிடுங்கப் போகும்போது வெறும் வயிற்றோடுதான் போக வேண்டும் என்ற நம்பிக்கை நம்மூரில் இன்னும் போகவில்லை. காலையில் சர்க்கரை மாத்திரையையோ இன்சுலினையோ போட்டுக்கொண்டு, இட்லியைத் தவிர்த்துவிட்டு, பதினொரு மணி வரை வெளியே காத்திருக்கும் நோயாளி ஊசிக்கு முன்பே பாதி மயங்கியிருப்பார். குளுக்கோமீட்டர் இல்லாத பல் கிளினிக் என்னைப் பொறுத்தவரை இன்னும் திறக்கப்படாத கிளினிக்தான்.

"எனக்கு மரப்பு ஊசி ஒத்துக்காது" என்று ஒருவர் சொன்னால் உடனே நம்பவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். அன்றைக்கு என்ன ஆயிற்று என்று கேளுங்கள். நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது என்றால் அது அட்ரினலின். கண் இருட்டியது, படுத்ததும் சரியாயிற்று என்றால் மயக்கம். உடம்பெல்லாம் தடித்தது, உதடு வீங்கியது, மூச்சு இளைத்தது, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள் என்றால்தான் ஒவ்வாமை. அவருக்கு அன்று ஊசி போடாதீர்கள், ஒவ்வாமை நிபுணரிடம் அனுப்புங்கள்.

லிக்னோகைன் போன்ற அமைடு வகை மரப்பு மருந்துகளுக்கு உண்மையான ஒவ்வாமை மிக மிக அரிது. பலமுறை எடுக்கும் குப்பியில் கெடாமல் இருக்கச் சேர்க்கும் மெத்தில்பாராபெனும், அட்ரினலினைக் காக்கச் சேர்க்கும் மெட்டாபைசல்ஃபைட்டும் காரணமாக இருக்கலாம். சல்ஃபா மாத்திரை ஒவ்வாமையும் சல்ஃபைட் ஒவ்வாமையும் வேறு வேறு. இரண்டையும் குழப்பி அட்ரினலினை மறுக்கத் தேவையில்லை.

டெஸ்ட் டோஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முன்கையில் ஒரு சொட்டு ஏற்றிப் பார்த்துவிட்டால் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். முந்தைய ஒவ்வாமை எதுவும் இல்லாதவருக்கு அந்தக் கொப்புளம் எதையும் உறுதிசெய்வதில்லை. ஊசி குத்தியதாலேயே சிவக்கலாம், சிவக்காதவருக்கும் பின்னால் ஒவ்வாமை வரலாம். அந்த ஐந்து நிமிடத்தை மாத்திரை அட்டை பார்ப்பதில் செலவிடுவது மேல்.

அளவுக் கணக்கு

2% லிக்னோகைன் என்றால் ஒரு மி.லி.யில் 20 மி.கி. 1.8 மி.லி. கார்ட்ரிட்ஜில் (சிரிஞ்சில் மாட்டும் மருந்துக் குழல்) 36 மி.கி. அட்ரினலின் சேர்ந்ததற்கு உச்ச அளவு கிலோவுக்கு 7 மி.கி., மொத்தம் 500 மி.கி.யைத் தாண்டக் கூடாது. அட்ரினலின் இல்லாததற்கு கிலோவுக்கு 4.4 மி.கி., மொத்தம் 300. குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் கல்லீரல், இதயம் பலவீனமானவர்களுக்கும் அட்ரினலின் இருந்தாலும் 4.4 என்றே கணக்குப் போடுவது என் வழக்கம்.

60 கிலோ ஆளுக்கு 4.4 கணக்கில் 264 மி.கி., அதாவது 13 மி.லி. இவ்வளவு நமக்குத் தேவைப்படுவதே அபூர்வம், அதனால் பெரியவர்கள் விஷயத்தில் யாரும் கணக்குப் போடுவதில்லை. இந்தப் பழக்கம்தான் குழந்தையிடம் கொண்டுபோய் விடுகிறது. 15 கிலோ குழந்தைக்கு எல்லை 66 மி.கி.; 3.3 மி.லி., இரண்டு கார்ட்ரிட்ஜ்கூட இல்லை. அம்மா வெளியூரிலிருந்து வந்திருக்கிறார், இன்றே நாலு பக்கமும் முடித்துவிடலாம் என்று ஆரம்பித்தால், மூன்றாவது பக்கத்திலேயே எல்லையைத் தாண்டிவிடுவோம். ஊசிக்கு முன் ஈறில் அடிக்கும் ஸ்ப்ரேயும் இந்தக் கணக்கில் சேரும். 10%, 15% ஸ்ப்ரேக்கள் ஊசி மருந்தைவிடப் பல மடங்கு அடர்த்தியானவை. எடை பார்க்கும் கருவியை நாற்காலிக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.

4% ஆர்ட்டிகைன் என்ற மரப்பு மருந்தில் ஒரு மி.லி.யில் 40 மி.கி. இருக்கிறது என்பதை மறந்து லிக்னோகைன் பழக்கத்தில் ஏற்றிவிடக் கூடாது. இன்னொரு மரப்பு மருந்தான புபிவகைன் அளவு மிஞ்சினால் நேராக இதயத்தைப் பிடிக்கும், அதைச் சரிசெய்வதும் கடினம்.

இதய நோயாளிகளுக்கு முதலில் எட்டும் எல்லை லிக்னோகைனுடையது இல்லை, அட்ரினலினுடையது. பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு ஒரு அமர்வுக்கு 40 மைக்ரோகிராம். 80,000-இல் ஒரு பங்கு என்ற கலவையில் ஒரு மி.லி.க்கு 12.5 மைக்ரோகிராம், ஆக 3 மி.லி.க்கு மேல் போகக் கூடாது. 2,00,000-இல் ஒரு பங்கு கலவையில் ஒரு மி.லி.க்கு 5, 8 மி.லி. வரை போகலாம். அதற்காக அட்ரினலினே வேண்டாம் என்று முடிவெடுத்து, மரப்பு பாதியில் விட்டு, நோயாளி வலியில் துடித்தால், அவர் உடம்பே அதைவிட அதிகமான அட்ரினலினைச் சுரக்கும்.

ஊசி போடும் விதம்

நோயாளியைச் சாய்த்துப் படுக்கவைத்துப் போடுங்கள். உட்கார்ந்த நிலையில் போடுவதால்தான் பல மயக்கங்கள் வருகின்றன. கீழ்த்தாடை பிளாக்கில் (தாடை நரம்பையே மரக்கவைக்கும் ஊசி) ஊசி முனை ரத்தக் குழாய்க்குள் போவது பத்தில் ஒருமுறைக்கு மேல் நடக்கும், ஆகவே பின்னிழுத்துப் பார்க்காமல் ஒரு சொட்டுகூட ஏற்றாதீர்கள். ஒருமுறை இழுத்து, ஊசியைச் சற்றுத் திருப்பி மறுபடியும் இழுங்கள். முனை குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்தால் முதல்முறை ரத்தம் வராது. அப்புறம் மெதுவாக, ஒரு கார்ட்ரிட்ஜுக்கு ஒரு நிமிடமாவது எடுத்துக்கொண்டு ஏற்றுங்கள். தெரியாமல் குழாய்க்குள் போனாலும் இந்த வேகத்தில் முதல் அறிகுறி தெரியும்போது பாதி மருந்து கையிலேயே இருக்கும்.

30 மி.லி. குப்பியிலிருந்து டிஸ்போசபிள் சிரிஞ்சில் ஏற்றும் பழக்கம் உள்ளவர்கள் எத்தனை சிரிஞ்ச் ஆயிற்று என்பதை உதவியாளரைக் குறிக்கச் சொல்லுங்கள். வேர் சிகிச்சைக்கு ஹைப்போகுளோரைட் (பல் வேரைக் கழுவும் ப்ளீச் திரவம்) ஏற்றிய சிரிஞ்சும் மரப்பு மருந்து சிரிஞ்சும் ஒரே தட்டில் பெயரெழுதாமல் கிடப்பது வேறொரு பேராபத்து.

ஊசி போட்டபின் எக்ஸ்ரே பார்க்கவோ போன் எடுக்கவோ வெளியே போகாதீர்கள். நீங்களோ உதவியாளரோ அவர் முகம் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும்.

முதல் நிமிடம்

காரணம் எதுவானாலும் முதல் ஒரு நிமிடத்து வேலை ஒன்றுதான்.

1. வேலையை நிறுத்துங்கள். வாயிலிருக்கும் பஞ்சு, கருவி எல்லாவற்றையும் எடுங்கள்.
2. நாற்காலியைத் தட்டையாக்கிக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறுபவரையும், விழிப்போடு இருந்து அட்ரினலினால் படபடப்பவரையும் மட்டும் உட்காரவிடுங்கள். நிறைமாதக் கர்ப்பிணியை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவையுங்கள்.
3. பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பதில் வருகிறதா, மார்பு ஏறி இறங்குகிறதா?
4. கழுத்து நாடியில் விரலை வையுங்கள். உதவியாளர் ஆக்சிஜனைத் திறந்து, பல்ஸ் ஆக்சிமீட்டரை மாட்டட்டும்.
5. கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூச்சும் நாடியும் இல்லையென்றால் மேற்கொண்டு யோசிக்க எதுவும் இல்லை: 108, நெஞ்சழுத்தம். நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 முதல் 6 செ.மீ., 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. கனமான ஆளைக் கீழே இறக்கப் போராட வேண்டாம். நாற்காலியைத் தட்டையாக்கி, முதுகுச் சாய்வுக்கு அடியில் உங்கள் ஸ்டூலைத் தள்ளி முட்டுக்கொடுத்தால் அழுத்தும்போது ஆடாது.

ஊசியின்போதே வரும் மயக்கம்

இதில் சிக்குபவர்களில் முதியவர்கள் குறைவு. திடகாத்திரமான இருபது, முப்பது வயது ஆண்களைத்தான் அதிகம் பார்க்கலாம். "பயமெல்லாம் இல்லை டாக்டர்" என்று சொல்லிக்கொண்டே நாற்காலிக் கையை இறுகப் பிடித்திருப்பவரைக் கவனியுங்கள். முதலில் பேச்சு நிற்கும். மேலுதட்டில் பொடிப்பொடியாக வியர்க்கும், முகம் வெளுக்கும், ஒரு கொட்டாவி வரும். அந்தக் கொட்டாவியிலேயே நாற்காலியைச் சாய்த்துவிட்டால் மயக்கமே வராமல் போகலாம்.

நாடி மெதுவாக, மெலிந்து ஓடும். தோல் சில்லென்று ஈரமாக இருக்கும், தடிப்பு இருக்காது. தட்டையாகப் படுக்கவைத்து, காலை உயர்த்தி, இறுக்கமான காலரைத் தளர்த்தினால் ஒன்றிரண்டு நிமிடத்தில் கண் திறப்பார். உட்கார்ந்த நிலையிலேயே விட்டுவைத்தால் மூளைக்கு ரத்தம் போகாமல் கைகால் உதறும். அதை வலிப்பு என்று நினைத்துக் குழம்புபவர்கள் உண்டு. நாடி குறைந்தே நின்றால், அட்ரோபின் கையில் இருந்து, ஐ.வி. (ரத்த நாளம் வழி ஊசி) போடத் தெரிந்தால் 0.6 மி.கி. கொடுக்கலாம். தண்ணீரையோ சோடாவையோ வாயில் ஊற்றக் கூடாது. சொந்தக்காரர்கள் டம்ளரோடு ஓடிவருவார்கள், தடுத்துவிடுங்கள்.

சில நிமிடங்களில் தெளியவில்லை என்றால் இது வெறும் மயக்கம் இல்லை. விரலில் குத்திச் சர்க்கரை பாருங்கள். குறைவாக இருந்து, விழிப்பும் இருந்தால் 15 முதல் 20 கிராம் குளுக்கோஸை வாய்வழி கொடுங்கள். விழிப்பு இல்லையென்றால் 25% டெக்ஸ்ட்ரோஸ் 100 மி.லி. ஐ.வி., அல்லது குளுக்ககான் 1 மி.கி. தசையில். சர்க்கரையும் சரியாக இருந்தால் 108.

படபடப்பும் மேல்மூச்சும்

அட்ரினலின் விளைவு ஊசி போட்ட ஓரிரு நிமிடத்தில் தெரியும். நெஞ்சு அடிப்பது காதில் கேட்கிறது என்பார், கை நடுங்கும், நாடி வேகமாகப் போகும், தலை வலிக்கும். இவரைத் தட்டையாகப் படுக்கவைக்காதீர்கள், ரத்த அழுத்தம் இன்னும் ஏறும். நிமிர்த்தி உட்காரவைத்து, "இது மருந்தோட வேலை, பத்து நிமிஷத்துல அடங்கிடும்" என்று சொல்லுங்கள். அப்படியே அடங்கும். இதய நோயாளிக்கு நெஞ்சுவலி வந்தால் கதை வேறு: நாக்கடியில் நைட்ரேட், ஆஸ்பிரின் 300 மி.கி. கடித்து மென்று விழுங்கக் கொடுத்து, ஆம்புலன்ஸ்.

பயத்தில் வேகவேகமாக மூச்சு விடுபவருக்கு விரல்கள் குறுகுறுத்து, கை மடங்கி இறுகிக்கொள்ளும், வாயைச் சுற்றி மரத்துப்போகும். மருந்து நச்சிலும் வாயைச் சுற்றி மரப்பு வரும் என்பதால் குழப்பம். ஒரு வழி இருக்கிறது: மூச்சை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 25, 30 என்று ஓடினால் பெரும்பாலும் பயமே காரணம். காகிதப் பைக்குள் மூச்சுவிடச் சொல்லும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள், உண்மையிலேயே ஆக்சிஜன் குறைந்தவராக இருந்தால் கெடுதல். எதிரே உட்கார்ந்து, உங்களோடு சேர்ந்து மெதுவாக மூச்சுவிடச் சொல்லுங்கள்.

மருந்து நச்சு

குழாய்க்குள் நேராக ஏறியிருந்தால் ஒரு நிமிடத்துக்குள்ளேயே தெரியும். அளவு மிஞ்சியதால் வருவது மெல்ல உறிஞ்சப்பட்டு, ஐந்து நிமிடத்திலிருந்து அரைமணிக்குள் தலைகாட்டும். அதனால்தான் முதல் பல் எடுத்து முடித்து, இரண்டாவதில் கை வைக்கும்போது வருகிறது.

நோயாளி காதில் இரைச்சல் என்பார், வாயில் உலோகச் சுவை என்பார். பேச்சு குழறும். சிலர் காரணமில்லாமல் நிறையப் பேசுவார்கள், சிரிப்பார்கள், பதறுவார்கள். உதவியாளர் அதைப் பயம் என்று எடுத்துக்கொள்வார். அப்புறம் கண்ணிமை, முகத்தசை துடிக்கும். அடுத்தது வலிப்பு. அதற்கடுத்து எல்லாம் அடங்கும், மூச்சு உட்பட. குழந்தைகளிடம் இந்த முதல் கட்டமே தெரியாமல் போகலாம். தூங்கிவிட்டது என்று நினைத்து மகிழ்ந்தால் போயிற்று.

செய்யவேண்டியது: மருந்தை நிறுத்தி, 108-ஐக் கூப்பிட்டு, 100% ஆக்சிஜன். மூச்சு மெலிந்தால் ஆம்பு பையால் (கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பை) நீங்களே கொடுங்கள். ஆக்சிஜன் குறைந்து, ரத்தத்தில் அமிலம் கூடினால் நச்சு பல மடங்காகும். அதனால் மற்ற எல்லாவற்றையும்விட மூச்சுப்பாதைதான் முதல் மருந்து. வலிப்பு வந்தால் அடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். நிற்காவிட்டால் வலிப்பை அடக்கும் மிடசோலம்: ஐ.வி. என்றால் 1, 2 மி.கி.யாகச் சிறிது சிறிதாக, ஐ.வி. கிடைக்காவிட்டால் 40 கிலோவுக்கு மேற்பட்டவருக்குத் தசையில் 10 மி.கி.; குழந்தைக்கு மூக்கு வழி கிலோவுக்கு 0.2 மி.கி. கொடுத்தபின் மூச்சு அடங்கலாம், ஆம்பு பையைக் கீழே வைக்காதீர்கள்.

இதயத்தைப் பிடித்துவிட்டால் 20% லிப்பிட் எமல்ஷன் (ரத்த நாளத்தில் ஏற்றும் கொழுப்புத் திரவம்) வேண்டும். கிலோவுக்கு 1.5 மி.லி. இரண்டு மூன்று நிமிடத்தில், 70 கிலோவுக்கு மேல் என்றால் 100 மி.லி.; அப்புறம் கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.25 மி.லி. சொட்டாக. சிறு கிளினிக்கில் இதை வைத்திருக்க வேண்டும் என்று சொல்லமாட்டேன். ஆனால் பக்கத்தில் எந்த மருத்துவமனையின் ஐ.சி.யு.வில் இருக்கிறது என்று இப்போதே கேட்டு வையுங்கள், நோயாளி கிளம்பும்போதே போன் செய்து "மரப்பு மருந்து நச்சு, லிப்பிட் தயாராக வையுங்கள்" என்று சொல்லுங்கள். இந்த இதய நிறுத்தத்தில் அட்ரினலின் அளவு வழக்கமான 1 மி.கி. இல்லை, கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் அல்லது அதற்கும் குறைவு. நெஞ்சழுத்தத்தைச் சீக்கிரம் கைவிடக் கூடாது, ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பியவர்கள் உண்டு.

ஒவ்வாமை அதிர்ச்சி

சில நிமிடத்திலிருந்து ஒரு மணிக்குள் வரும். தோல் அரித்துத் தடிக்கும், உதடும் கண்ணும் வீங்கும், குரல் கரகரக்கும், மூச்சு இளைக்கும், வயிறு பிசையும். நாடி வேகம், ரத்த அழுத்தம் சரியும். தோல் சூடாகச் சிவந்திருப்பதும், நாடி வேகமாக இருப்பதும் சாதாரண மயக்கத்திலிருந்து இதைப் பிரிக்கும். சிலருக்குத் தோலில் ஒன்றுமே தெரியாமல் நேராக அழுத்தம் விழும்.

தடிப்பு மட்டும்தான், மூச்சும் அழுத்தமும் நன்றாக இருக்கின்றன என்றால் ஒவ்வாமை மாத்திரை கொடுத்துக் கண்காணிக்கலாம். மூச்சிலோ அழுத்தத்திலோ கைவைத்துவிட்டால் அட்ரினலின், உடனே. ஒரு மி.லி.யில் 1 மி.கி. இருக்கும் ஆம்பூலிலிருந்து 0.5 மி.லி., தொடையின் வெளிப்பக்க நடுவில், தசைக்குள், தேவையானால் பேன்ட் மேலேயே. 6 முதல் 12 வயதுக்கு 0.3 மி.லி., அதற்குக் கீழே 0.15. ஐந்து நிமிடத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் மறுபடியும். ஐ.வி.யில் ஏற்ற முயலாதீர்கள். இன்சுலின் சிரிஞ்சின் குட்டி ஊசி தசையை எட்டாது. 23 கேஜ், ஒரு அங்குல ஊசி எடுங்கள்.

நம்மிடம் ஒரு பழக்கம் இருக்கிறது: முதலில் ஏவில் என்ற ஒவ்வாமை மருந்தும் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டும் போட்டுவிட்டு, கேட்காவிட்டால் அட்ரினலின் என்பது. வரிசை தலைகீழ். அந்த இரண்டும் வேலைசெய்ய ஆரம்பிப்பதற்குள் தொண்டை அடைத்துவிடும். இளைப்புக்கு சால்புட்டமால் இன்ஹேலரை ஸ்பேசர் (இன்ஹேலரில் மாட்டும் குழல்) வழி கூடவே கொடுக்கலாம், அட்ரினலினுக்குப் பதிலாக அல்ல. தெளிந்ததும் எழுந்து நிற்கவிடாதீர்கள், சட்டென்று நின்றாலே அழுத்தம் விழும். நன்றாகிவிட்டாலும் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும், சில மணி நேரம் கழித்து இரண்டாவது அலை வரலாம்.

வீட்டுக்குப் போனபின் வரும் நீலம்

ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும் இந்த நிலை முக்கியமாக பிரிலோகைன், பென்சோகைன் என்ற இரண்டு மரப்பு மருந்துகளுக்கு உரியது. பென்சோகைனில் சில நிமிடங்களிலேயேகூட, பிரிலோகைனில் சில மணி நேரம் கழித்து, உதடும் நகமும் நீலம்பாயும், சோர்வு வரும். ஆக்சிமீட்டர் 85-ஐ ஒட்டி நிற்கும், ஆக்சிஜன் கொடுத்தாலும் ஏறாது. ரத்தம் எடுத்தால் சாக்லேட் நிறம். மருத்துவமனையில் மெத்திலீன் புளூ கிலோவுக்கு 1 முதல் 2 மி.கி. மெதுவாக ஐ.வி.யில் கொடுப்பார்கள், ஜி6பிடி குறைபாடு (பரம்பரையாக வரும் ஒரு நொதிக் குறைபாடு) இருந்தால் அது கூடாது. பல் முளைக்கும் குழந்தைக்குப் பென்சோகைன் ஜெல் தடவுவதை அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2018-இல் எச்சரித்துத் தடுத்தது. இரண்டு வயதுக்குக் கீழே தொடவே வேண்டாம்.

பெட்டியில் இருக்கவேண்டியவை

அட்ரினலின் ஆம்பூல் ஐந்து, அவற்றோடு ரப்பர் பேண்டில் கட்டிய சிரிஞ்சும் ஊசியும். ஆக்சிஜன் சிலிண்டர், முகமூடி, பெரியவர் அளவிலும் குழந்தை அளவிலும் ஆம்பு பை. ஆக்சிமீட்டர், பி.பி. கருவி, குளுக்கோமீட்டர், குளுக்கோஸ் பாக்கெட். சால்புட்டமால், நைட்ரேட், ஆஸ்பிரின், மிடசோலம். மீதியெல்லாம் உங்கள் பயிற்சியைப் பொறுத்தது. போடத் தெரியாத மருந்தை அடுக்கி வைப்பதால் தேடும் நேரம்தான் கூடும்.

அட்ரினலின் வெயிலுக்கும் வெளிச்சத்துக்கும் கெடும். மே மாதத்தில், இரவில் ஏ.சி. அணைத்துப் பூட்டிய அறை எப்படிக் கொதிக்கும் என்று தெரியும்தானே? பழுப்பேறிய ஆம்பூலைத் தூக்கிப்போடுங்கள். சிலிண்டரின் முள்ளை வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள், அதைத் திறக்கும் சாவி சிலிண்டரிலேயே கட்டியிருக்கட்டும். மாடிப்படியில் ஸ்ட்ரெச்சர் திரும்புமா என்பதையும் ஒருநாள் பார்த்துவையுங்கள்.

அதற்கப்புறம்

மயங்கித் தெளிந்தவரை அன்றைக்கு வேலையைத் தொடராமல், பைக் ஓட்டவிடாமல், துணையோடு அனுப்புங்கள். மருத்துவமனைக்குப் போகிறவரோடு ஒரு தாள் போகட்டும்: என்ன மருந்து, எத்தனை மி.லி., எந்த இடத்தில், எத்தனை மணிக்கு; அறிகுறி எப்போது தொடங்கியது; நீங்கள் என்ன கொடுத்தீர்கள், எப்போது. ஒவ்வாமை என்று சந்தேகப்பட்டால் அந்தக் குப்பியின் பெயரையும் தொகுதி எண்ணையும் எழுதுங்கள், ரத்தத்தில் டிரிப்டேஸ் (ஒவ்வாமை அதிர்ச்சியில் கூடும் பொருள்) பார்க்க அங்கே கேளுங்கள். முதல் சில மணி நேரத்தில் எடுத்தால்தான் அது பயன்படும். நோயாளியின் கையிலும் ஒரு சீட்டு கொடுங்கள். "மரப்பு ஊசி ஒத்துக்கொள்ளாது" என்று பொத்தாம்பொதுவாக அதில் எழுதிவிடாதீர்கள். நடந்தது மயக்கமா, அட்ரினலினா, ஒவ்வாமையா என்பதை அந்தந்தப் பெயரிலேயே எழுதுங்கள், அடுத்த பல் மருத்துவர் அதைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்.